நிலா ஏன் முதுகு காட்டுவதில்லை?

(இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் வாசகர் வட்டமொன்றின் போயா எனும் பௌர்ணமி தினக் கூட்டத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன சில எண்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, கல்விப் பணிமனையிலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, ஆலய பரிபாலன சபைப் பெரியவர்களே, மண்டபத்துக்கு வாடகை வேண்டாம் என்று சொன்ன வர்த்தக நண்பர் அவர்களே, ஒலிபெருக்கி தந்தவரே, தேநீர் தரப்போகிறவரே, நாளைக்கு விடியக்காலையில் தோட்ட வேலைப் பெரட்டுக்கு எழும்ப வேண்டியிருந்தும் வந்திருக்கும் தாய்மாரே, பின்னால் சுவரோரமாக நிற்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். தம்பிமார் முன்னால் வந்து உட்காரலாம். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பொன்னாடை போர்த்தியவர்களுக்கு நன்றி. நல்ல பச்சைச் சால்வை. ஆனால் வீட்டு அலுமாரியில் இடமில்லை. அடுத்த முறை யாரைப் பேச அழைத்தாலும், அந்தக் காசுக்கு நான்கு டோர்ச் பற்றரியும் இரண்டு வில்லையும் வாங்கிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். தலைவர் சிரிக்கிறார். அவர் அதிபராக இருந்த காலத்திலேயே இதைச் சொல்லித் தொல்லை கொடுத்தவன் நான். இன்றைக்கும் ஒரு தொல்லை கொண்டுவந்திருக்கிறேன், அது கடைசியில்.

என்னிடம் பௌதிகவியல் படித்த பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘தீர விசாரி மாஸ்டர்’. ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்ற பழமொழியைப் பாடத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று போயா. மழை விட்டால் நிலா தெரியும். அதே முயல், அதே பாட்டி, அதே வடைச்சட்டி. நம் முன்னோர் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக இந்த மலைகளுக்கு நடந்து வந்த இரவுகளிலும் இந்தப் பாட்டி இதே பக்கத்தைக் காட்டிக்கொண்டுதான் வடை சுட்டிருப்பாள். ஒருநாளாவது திரும்பி உட்கார்ந்திருக்கிறாளா? இல்லை. அப்படியென்றால் நிலா தன்னைத்தானே சுற்றவில்லை என்றுதானே கண் சொல்கிறது?

கோள்களும் நிலவுகளும் சுழல்வதைப் பற்றி நம்மிடையே இருக்கும் ஐந்து பிழையான எண்ணங்களை எடுத்து வந்திருக்கிறேன். நிலா சுழல்வதில்லை என்பது முதலாவது. நிலாவின் மறுபக்கம் எப்போதும் இருட்டு என்பது இரண்டாவது. பூமி ஒருமுறை சுழல 24 மணி நேரம் என்பது மூன்றாவது. எல்லாக் கோள்களும் ஒரே மாதிரிச் சுழல்கின்றன என்பது நான்காவது. கைகழுவும் தொட்டியில் தண்ணீர் சுழித்து இறங்குவது பூமி சுற்றுவதால் என்பது ஐந்தாவது. வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவதுக்கு ஒரு கதை இருக்கிறது. நான் படிப்பித்த தோட்டத்தில் ஒரு பழைய கங்காணித் தாத்தா இருந்தார். ஓய்வுபெற்ற பிறகும் அதட்டல் குறையவில்லை. மாரியம்மன் திருவிழா நாள். நான் நாலு பிள்ளைகளிடம், நிலா பூமியை ஒருமுறை சுற்றுகிற அதே 27 நாள் சொச்சத்தில் தன்னையும் ஒருமுறை சுற்றிக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தாத்தா பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் துப்பிவிட்டு வந்தார்.

“என்னா மாஸ்டர், பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக் குடுக்குறீங்க? அங்கப்பிரதட்சணம் பண்றானே, அவன் தன்னையும் சுத்துறான், கோயிலையும் சுத்துறான். சரி. நடந்து சுத்துறவன் எங்க தன்னைச் சுத்துறான்? நிலா நடக்குது. உருளல.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தாத்தா பக்கம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஏனென்றால் அவர் கேட்டது நல்ல கேள்வி. பந்தயம் வைத்தோம். தோற்றவர் அன்றைக்குக் கூட்டத்துக்கே பிளேன்டீ வாங்கித் தர வேண்டும்.

தாத்தாவைக் கோயிலை ஒருமுறை வலம் வரச் சொன்னேன். ஒரேயொரு நிபந்தனை: நடக்கும்போது நேர் எதிரே என்ன தெரிகிறதோ அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வாசலில் தொடங்கினார். “இஸ்டோரு தெரியுது!” (தேயிலைத் தொழிற்சாலை.) மூலை திரும்பினார். “எங்க லயம் தெரியுது!” அடுத்த மூலை. “மேமலை!” அடுத்தது. “ரோட்டு, பஸ்ஸு!” திரும்பவும் வாசலுக்கு வந்தார். “இஸ்டோரு!” நாலு திசையையும் பார்த்துவிட்டு முதல் திசைக்கே முகம் வந்துவிட்டது. “தாத்தா, நின்ற இடத்தில் நின்று நாலு திசையையும் இப்படிப் பார்த்தால் அதற்கு என்ன பேர்?” என்றேன். “சுத்துறது” என்றார், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கங்காணி அல்லவா, விடவில்லை. “மூலையில திரும்புனேன், அம்புட்டுத்தான். அதைப் போய்ச் சுத்துறதுன்னா?”

அப்போது ஒரு பயல், எட்டாம் வகுப்பு, வாய்க்காரன், முன்னால் வந்தான். “தாத்தா, அப்படின்னா நான் திரும்பாமலே சுத்திக் காட்டுறேன்” என்றான். முகம் முழு நேரமும் இஸ்டோரையே பார்க்க வேண்டும், கோயிலையும் வலம் வர வேண்டும். கிளம்பினான். முதல் பக்கம் நேராக நடந்தான், பிரச்சினையில்லை. இரண்டாவது பக்கத்தில் நண்டு மாதிரி பக்கவாட்டில் போனான். மூன்றாவது பக்கத்தில் பின்னாலே பின்னாலே போய்க் கச்சான் விற்கிற அம்மாவின் கூடையில் மோதினான். கச்சான் சிதறியது. அந்த அம்மா போட்ட சத்தத்தில் மேளகாரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆனால் தாத்தா கூடையைப் பார்க்கவில்லை. பயல் இரண்டாவது பக்கத்தில் போனபோதே அவர் கத்தத் தொடங்கிவிட்டார்: “அடேய், அடேய்! அம்மனுக்கு முதுகக் காட்டுறான்டா!”

அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. திரும்பாமல் சுற்றுகிறவன் அம்மனுக்கு வலது தோளையும் காட்டுவான், முதுகையும் காட்டுவான், இடது தோளையும் காட்டுவான், முகத்தையும் காட்டுவான். சுழலாத நிலா இருந்தால் மாதம் ஒருமுறை தன் எல்லாப் பக்கத்தையும் நமக்குக் காட்டிவிடும். ஒரே பக்கம் மட்டும் தெரிகிறது என்றால், சரியான கணக்கில் சுழல்கிறது என்று அர்த்தம். தாத்தா கோயிலுக்கு எப்போதும் வலது கையையே காட்டினார் அல்லவா, அதுதான் நிலா. (நாம் வலம் வருவது வலஞ்சுழி. வடக்குப் பக்க வானத்தில் நின்று பார்த்தால் நிலா இடஞ்சுழியாகப் போகும். திசைதான் வேறு, கணக்கு ஒன்று.)

பிளேன்டீ தாத்தா கணக்கில். கச்சான் காசு என் கணக்கில். அந்தப் பயல் இப்போது கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறான். அதையும் கடைசியில் சொல்கிறேன்.

சரி, இரண்டு கணக்கும் இவ்வளவு சரியாக எப்படிப் பொருந்தியது? தற்செயல் இல்லை. ஆதியில் நிலா இன்னும் வேகமாகச் சுழன்றது. பூமியின் ஈர்ப்பு நிலாவின் கிட்டப் பக்கத்தைக் கூடுதலாகவும் தூரப் பக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால் நிலா கொஞ்சம் நீள்கிறது. வேகமாகச் சுழலும்போது அந்தப் புடைப்பு பூமிக்கு நேராக இல்லாமல் சற்று விலகி நிற்கும். பூமி அதைப் பிடித்து இழுத்து இழுத்து வேகத்தைக் குறைத்தது. புடைப்பு பூமிக்கு நேராக நின்றபோது இழுபறி அடங்கியது. வியாழனின் நான்கு பெரிய நிலவுகளுக்கும், சனியின் டைட்டனுக்கும் இதே கதைதான். புளூட்டோவும் அதன் பெரிய நிலவான சாரனும் இன்னும் ஒரு படி மேல். இரண்டுமே 6.4 நாளுக்கு ஒருமுறை சுழன்று ஒன்றையொன்று ஒரே முகத்தில் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நம் நிலாவும் சும்மா இருக்கவில்லை. கடலைப் பொங்க வைத்து, அதன் வழியே பூமியின் சுழற்சிக்குத் தடை போடுகிறது. நூறாண்டுக்கு ஒரு நாளின் நீளம் ஏறத்தாழ 2 மில்லி செக்கன் கூடுகிறது. பதிலுக்கு நிலா ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிப் போகிறது. 1969இல் அப்பல்லோ 11இல் போனவர்கள் நிலாவில் வைத்த கண்ணாடியில் லேசர் ஒளியை அடித்து, அது திரும்பி வரும் நேரத்தை அளந்து கண்ட கணக்கு இது. தீர விசாரிப்பது என்றால் இது.

இரண்டாவது, மறுபக்க இருட்டு. நாம் காணாத பக்கம் வேறு, இருட்டான பக்கம் வேறு. நிலாவில் எந்த இடமானாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. அமாவாசையன்று நமக்கு நிலா தெரியாதபோது அந்த மறுபக்கத்தில் நல்ல வெயில். 1959 ஒக்டோபரில் சோவியத் நாட்டின் லூனா 3 அந்தப் பக்கத்தை முதன்முதலில் படம் பிடித்ததும் அங்கே வெயில் அடித்த வேளையில்தான். 2019 ஜனவரியில் சீனாவின் சாங்கே 4 அங்கே இறங்கியும்விட்டது. இன்னொன்று, நிலாவின் சரிபாதிதான் நமக்குத் தெரியும் என்பதும் முழுச் சரியில்லை. நிலாவின் பாதை சற்று நீள்வட்டம், அச்சும் கொஞ்சம் சாய்வு. அதனால் அது இலேசாகத் தலையாட்டுகிறது. பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் மொத்தம் 59 சதவீதம் கண்ணில் படும்.

இந்த இடத்தில், ‘மலையகமும் யாரும் பார்க்காத நிலாவின் மறுபக்கம்’ என்று ஒரு வசனம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சிலர் கைதட்டத் தயாராகவே இருக்கிறீர்கள். பேசப்போவதில்லை. 2023இல், நம் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்த இருநூறு ஆண்டு நிறைவுக் கூட்டங்களில் வசனம் போதுமான அளவு கேட்டுவிட்டோம். நமக்குத் தேவை உவமை இல்லை, ஆய்வுகூடம்.

மூன்றாவது, 24 மணி நேரம். சூரியன் உச்சிக்கு வந்து மறுபடி உச்சிக்கு வர 24 மணி. ஒரு விண்மீனை வைத்து அளந்தால் பூமியின் ஒரு முழுச் சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் 4 செக்கன். பூமி சுழல்கிற நேரத்தில் சூரியனைச் சுற்றியும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியனைப் பிடிக்க இன்னும் நாலு நிமிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. கார்த்திகை விண்மீன் கூட்டம் இன்றைக்கு உதித்த நேரத்தைவிட நாளைக்கு நாலு நிமிடம் முந்தி உதிக்கும். ஆண்டு முழுக்கச் சேர்த்தால் ஒரு முழுச் சுற்று. அதாவது 365 நாளில் பூமி 366 தடவை சுழல்கிறது.

பூமத்திய ரேகையில் நிலம் மணிக்கு 1,670 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. இந்த மண்டபம் 1,660 அளவில் ஓடிக்கொண்டிருக்கிறது. தேநீர் தளும்பாது, ஏனென்றால் கோப்பையும் மேசையும் நாமும் ஒரே சீராகப் போகிறோம். ஆரியபட்டர் கி.பி. 499இலேயே இதைச் சொல்லிவிட்டார். படகில் முன்னே போகிறவனுக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னே போவது போலத் தெரியும், அதுபோலத்தான் இலங்கையில் இருப்பவர்களுக்கு அசையாத விண்மீன்கள் நேர் மேற்கே போவதாகத் தெரிகிறது என்றார். உடனே நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். அவர் சொன்ன இலங்கை, உஜ்ஜயினிக்கு நேர் தெற்கே பூமத்திய ரேகையில் கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு புள்ளி. நாம் அந்த ரேகைக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறோம். இணையத்தில் பெருமையாகப் பரப்புகிறவர்கள் இதையும் தீர விசாரித்தால் நல்லது.

தலைவர் துண்டுக் காகிதம் அனுப்பியிருக்கிறார். நேரம் என்று நினைத்தேன், இல்லை, சபையிலிருந்து ஒரு கேள்வி. ஜனவரியில் நுவரெலியாவில் தேயிலை பனியில் கருகுகிறதே, அப்போது பூமி சூரியனை விட்டுத் தூரப் போய்விடுகிறதா? நல்ல கேள்வி, என் ஐந்தில் இதையும் சேர்த்திருக்க வேண்டும். உண்மை நேர் எதிர். ஜனவரி தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட, சுமார் 14 கோடி 70 இலட்சம் கிலோமீற்றரில் இருக்கிறது. ஜூலையில் 15 கோடி 20 இலட்சம். சுழலும் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் ஜனவரியில் வட பாதிக்கு வெயில் சரிவாக விழுகிறது. நமக்கு அந்தச் சரிவு அவ்வளவு பெரிதில்லை. ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அந்த மாதத்தில் முகிலில்லாத வறண்ட இரவுகள் வரும். நிலத்தின் சூடு போர்வையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். விடியும்போது பள்ளத்தில் இருக்கிற செடிதான் முதலில் கருகும் என்று கொழுந்து பறிக்கிற எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்வார்.

நான்காவதைச் சுருக்குகிறேன். வியாழன் அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். சனி பகவான் மெதுவாக நகர்கிறார் என்று ஜோதிடர் சொல்வது சூரியனைச் சுற்றும் இருபத்தொன்பதரை ஆண்டுக் கணக்கு. தன்னைத்தானே சுற்ற அவருக்குப் பத்தரை மணி நேரம்தான். யுரேனஸ் 98 பாகை சாய்ந்து படுத்தபடி சுழல்கிறது. வெள்ளி எதிர்த் திசையில் சுழல்கிறது, அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும். ஒரு சுழற்சிக்கு 243 நாள், ஆனால் சூரியனைச் சுற்ற 225 நாள்தான். அடர்ந்த முகில் மூடிய கோள் என்பதால் கண்ணால் இதைக் காணவே முடியாது, ரேடார் அலையை அனுப்பித்தான் கண்டுபிடித்தார்கள்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது புதன். இத்தாலியில் ஸ்கியாபரெல்லி என்ற பெரிய வானியலாளர் 1880களில் தொலைகாட்டியில் பொறுமையாகப் பார்த்து, புதன் சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது, 88 நாளுக்கு ஒரு சுழற்சி என்றார். பிறகு பார்த்தவர்களுக்கும் அப்படியே தெரிந்தது. எண்பது ஆண்டு போலப் பாடப்புத்தகத்தில் அதுதான். 1965இல் புவர்ட்டோ ரிக்கோவில், அரெசிபோவின் பெரிய தட்டிலிருந்து பெட்டென்கில், டைஸ் என்ற இருவர் ரேடார் அலை அனுப்பி அளந்தார்கள். 59 நாள் அளவு என்று வந்தது! சூரியனை இருமுறை சுற்றும் நேரத்தில் மூன்று முறை சுழல்கிறது. முன்னையவர்கள் சோம்பேறிகள் இல்லை. பூமியிலிருந்து புதன் நன்றாகத் தெரிகிற வேளைகளில் அநேகமாக அதே முகம் வந்து நின்றதால் ஏமாந்தார்கள். கண்ணால் காண்பதும் பொய், தொலைகாட்டியால் காண்பதும் சில வேளை பொய். விசாரிக்கக் கருவி வேண்டும், கருவியைக் கையாளச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

அந்த ஆளைப் பற்றித்தான் என் தொல்லை. கச்சான் கூடையில் மோதிய பயலைச் சொன்னேனே. நூற்றுக்கணக்கான பேர் முன்னால், நின்ற நிலையில், எதிர்க்கட்சியின் வாதத்தை நடந்தே உடைக்க ஒரு வழி கண்டுபிடித்தவன் அவன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நல்ல பெறுபேறு. உயர்தரத்தில் கணிதப் பிரிவு அந்தப் பாடசாலையில் இல்லை. இருக்கிற பாடசாலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டில் அம்மாவின் சம்பளம் மட்டும். மூன்று மாதம் போய்ப் பார்த்தான், நின்றுவிட்டான். அவனுக்கு அடுத்த வருஷம் ஒரு பிள்ளை, அவளும் பௌதிகவியல் என்றுதான் அழுதாள், கலைப்பிரிவில் சேர்ந்தாள். கலைப்பிரிவைக் குறைத்துப் பேசவில்லை. என் மனைவி கலைப்பிரிவு ஆசிரியை, இரவுச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் விரும்பிப் போவது வேறு, வேறு கதவு இல்லாததால் போவது வேறு.

எழுபதுகளில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியபோது எங்கள் தலைமுறை எவ்வளவு சந்தோஷப்பட்டது என்பது தலைவருக்குத் தெரியும். கட்டடம் வந்தது, சீருடை வந்தது, ஆசிரியர்கள் வந்தார்கள். பல இடங்களில் பௌதிகவியல் ஆசிரியர் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. வந்தாலும் ஓரிரு வருஷத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். தங்க ஒரு அறை கிடையாது, ஆய்வுகூடம் என்று எழுதிய அறையில் உடைந்த கதிரைகள்.

நாங்கள் கேட்பது பெரிய தொலைகாட்டி இல்லை. மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். கல்விக் கோட்டம் ஒன்றுக்கு ஒரு தமிழ்மொழிப் பாடசாலையிலாவது உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவு. அதற்கு ஒரு பௌதிகவியல் ஆசிரியர், அவர் தங்க ஒரு விடுதி, சாவி பூட்டியே கிடக்காத ஓர் ஆய்வுகூடம், தூரத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் பருவச்சீட்டு. அதிகாரிகள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் நல்ல மனதோடு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முகத்துக்கு நேரே சொல்கிறேன். உறுப்பினர் அவர்கள் விடுதிக்கு ஒரு துண்டு நிலம் பார்ப்பதாக உள்ளே வரும்போது என் காதில் சொன்னார். காதால் கேட்பதும் பொய் என்பது பழமொழி. அதனால் ஒலிவாங்கியில் எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்லிவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் இப்போது அனுப்பியிருப்பது நேரத் துண்டுதான். ஐந்தாவது, தண்ணீர்த் தொட்டி, பேச முடியவில்லை. வீட்டுத் தொட்டிக்குப் பூமியின் சுழற்சி ஒரு பொருட்டே இல்லை, மட்டக்களப்பை 1978இல் அடித்தது போன்ற புயலுக்கு அது பெரிய பொருட்டு என்பதோடு நிறுத்துகிறேன். மிச்சத்தைத் தேநீர் வேளையில் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. வெளியே தம்பிமார் சிறிய தொலைகாட்டி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். போயாவன்று நிலாவைத் தொலைகாட்டியில் பார்ப்பது அவ்வளவு பிரயோசனமில்லை. வெயில் நேராக விழுவதால் நிழல் இல்லை, பள்ளங்கள் எடுப்பாகத் தெரியாது. அமாவாசை கழித்து எட்டாம் நாள் அரை நிலாவில் வைத்துப் பாருங்கள், அடுத்த கூட்டத்தையும் அந்த நாளுக்கே மாற்றலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெற்றோர் ஒரு தாளில், பழைய மாணவர் இன்னொரு தாளில் கையெழுத்திட வேண்டும், கலந்துவிட வேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும் பிள்ளை படிக்கும் வகுப்பையும் எழுதுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, போகவந்தலாவைக் கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்களை முதலில் விடுங்கள். நன்றி, வணக்கம்.